காவலூர் கேமராவும் கணினியின் காலி நினைவகமும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வருகிறது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அதை எழுப்பப் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள். இதுபோன்ற தொலைநோக்கிகளில் ஒளிப்படக் கண்ணாடித் தட்டுகளின் இடத்தைப் பிடித்தது சிசிடி என்ற சிலிக்கன் சில்லு. அது கேமராவாகப் பிறந்ததல்ல என்பதுதான் வேடிக்கை.

1969 அக்டோபரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் அதன் அடிப்படையை வகுத்தபோது, அவர்கள் தேடியது கணினிக்கான நினைவகம். சிலிக்கனில் சின்னச் சின்னக் குழிகள். குழியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு குழியில் இருப்பதை அடுத்த குழிக்குத் தள்ளி, வரிசையாக வெளியே எடுக்கலாம். 1975 வாக்கில் இன்டெல் நிறுவனம் 2416 என்ற எண்ணில் இப்படியொரு நினைவகச் சில்லை விற்கவும் செய்தது. சந்தையில் நிற்கவில்லை. ஆனால் வெளிச்சம் பட்டாலும் அந்தக் குழிகளில் மின்னூட்டம் சேர்ந்தது. எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு. நினைவகமாகத் தோற்றது கேமராவாக ஜெயித்தது. இருவருக்கும் 2009இல் நோபல் பரிசு.

இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1975 பிப்ரவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் ‘சைக்ளாப்ஸ்’ என்றொரு கேமராவின் செய்முறை வந்தது. ஒரு கிலோபிட் நினைவகச் சில்லின் மூடியைக் கழற்றிவிட்டு, அதன் மேல் லென்ஸை வைத்தார்கள். குறுக்கே 32, நெடுக்கே 32 என்று 1,024 புள்ளிகளில் படம் தெரிந்தது. ஆக, காவலூரில் விண்மீன் ஒளியைப் பிடிக்கும் சில்லும் நம் மேசைக் கணினியின் தற்காலிக நினைவகமான ராமும் ஒரே குடும்பம். இரண்டுமே சிலிக்கனில் மின்னூட்டத்தைத் தேக்குகின்றன. இரண்டுக்கும் ஒரே வியாதியும் உண்டு: ஒழுகும்.

ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1960களில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். நீங்கள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. மின்சாரம் நின்றால் சில விநாடிகளில் எல்லாம் அழிந்துவிடும்.

இப்படிப்பட்ட மறதிக்கார இடத்தைப் பிடித்து, “இதுவும் ஒரு டிரைவ்தான்” என்று கணினியை நம்பவைப்பதற்குப் பெயர் ராம் டிஸ்க். நம்பவைப்பது ஒன்றும் கடினமில்லை. இயங்குதளத்தைப் பொறுத்தவரை டிரைவ் என்பது ஒரு கேள்வி பதில் ஏற்பாடு. இந்த எண்ணுள்ள கட்டத்தில் இருக்கும் 512 பைட்டைக் கொடு என்று கேட்கும்; கிடைத்தால் வாங்கிக்கொள்ளும். கொடுப்பது சுழலும் தட்டா, சில்லா என்று எட்டிப்பார்ப்பதில்லை. ராமின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதன் வாசலில் ஒரு சின்ன மென்பொருளை உட்காரவைத்தால் போதும். கேட்ட கட்டத்தை நினைவகத்திலிருந்து நகலெடுத்துக் கொடுத்துவிடும். பைல் மேனேஜரில் புதிதாக ஒரு டிரைவ் எழுத்து முளைக்கும்.

வேகம் எவ்வளவு கூடும்? நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேடும் இடம் ஊசிமுனைக்கு வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. படிக்கும் கை நகர்ந்து சரியான தடத்தில் நிற்க இன்னொரு 12. ஆக, சுமார் 17 மில்லி விநாடி. ராமில் இதே வேலைக்கு ஏறக்குறைய 100 நானோ விநாடி. இதை ஒளியின் பயணமாக மாற்றிப் பாருங்கள். ராம் பதில் சொல்வதற்குள் ஒளி 30 மீட்டர் போகும், நன்றாக வளர்ந்த பனைமரத்தின் உயரம். ஹார்ட் டிஸ்க் பதில் சொல்வதற்குள் 5,100 கிலோமீட்டர் போய்விடும்: இந்தியாவின் தென்முனையிலிருந்து வடமுனைக்குப் போய், திரும்பும் வழியிலும் பாதிக்கு மேல் கடந்திருக்கும். சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி இரண்டுக்கும் நடுவில். 100 மைக்ரோ விநாடி என்று வைத்தால் 30 கிலோமீட்டர்.

அந்த 17 மில்லி விநாடி காவலூர்க்காரர்களுக்கும் அக்கறையுள்ள எண். விண்மீன் மினுங்குவதற்குக் காரணம் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் கொந்தளிப்பு. அந்தக் கொந்தளிப்பு ஒரே வடிவில் நிற்பது ஏறத்தாழ 10, 20 மில்லி விநாடிதான். அதற்குள் படத்தை எடுத்துவிட்டால் காற்று உறைந்துபோன மாதிரி. விண்மீனின் பிம்பம் பொடிப்பொடிப் புள்ளிகளாக விழும். அப்படி ஏராளமான படங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், காற்று மறைத்த நுட்பங்கள் வெளிவரும். ஸ்பெக்கிள் முறை என்று இதற்குப் பெயர். இந்திய வான் இயற்பியல் மையத்தின் எஸ். கே. சாஹாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் இதைச் செய்தார்கள். ஷூமேக்கர்–லெவி 9 வால்மீனின் துண்டுகள் 1994 ஜூலையில் வியாழன்மீது மோதியதே, அந்தத் தழும்புகளையும், வேறொரு தொலைநோக்கியில், இம்முறையில் படம்பிடித்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 256க்கு 256 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைட் என்றால் ஒரு படம் 64 கிலோபைட். விநாடிக்கு 50 படம் என்றால் 3.2 மெகாபைட். இன்று வாட்ஸ்அப் வீடியோவுக்கே பத்தாத அளவு. ஆனால் 1990களின் தொடக்கத்துக் கணினி வட்டு விடாமல் இந்த வேகத்தில் எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். வட்டின் கை ஒருமுறை இடம் தேடி நகரும் நேரத்தில் வானத்தின் காற்றே மாறிவிடுகிறது. எனவே இம்மாதிரி வேலைகளில் படங்கள் முதலில் நினைவகத்தில் வந்து குவியும். ஓய்வு கிடைத்ததும் வட்டுக்கு இறங்கும். ராம் டிஸ்க்கின் தர்மமும் அதுதான்: பரபரப்பான வேலை ராமில், பத்திரமாக வைக்க வேண்டியது வட்டில்.

நினைவகத்தில் வட்டு கட்டும் யோசனை புதிதல்ல. 1979-80இலேயே இங்கிலாந்தில் ஜெர்ரி கார்லின் என்பவர் ‘சிலிக்கன் டிஸ்க் சிஸ்டம்’ என்று ஒன்றை எழுதினார். ஃப்ளாப்பியின் கரகர சத்தத்தைக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்கு அது வரப்பிரசாதம். டாஸ் காலத்தில் விடிஸ்க், ராம்டிரைவ் என்ற பெயர்களில் இயங்குதளத்தோடே வந்தது. பிறகு 32 பிட் விண்டோஸ் காலம். 4 ஜிபி ராம் போட்டாலும் மூன்றேகால் ஜிபி அளவுதான் கண்ணில் படும். மிச்சம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய நினைவகம் வீணாவதா என்று கைதேர்ந்தவர்கள் அந்த மிச்சத்தில் ராம் டிஸ்க் கட்டிக்கொண்டார்கள். இதன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது.

ராம் டிஸ்க்கே தெரியாது என்பவர்களும் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றும்போது ஷிப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் சி இல்லை, டி இல்லை, எக்ஸ் என்றொரு டிரைவ் காட்டும். சர்வீஸ் கடைப் பையன்களுக்குத் தினமும் பார்த்துப் பழகிய எழுத்து. அந்த எக்ஸ் முழுக்க முழுக்க ராமில் இருப்பது. ஆண்ட்ராய்டு போன்களும் இயக்கத்தைத் தொடங்கும்போது முதலில் ஒரு சிறு ராம் டிஸ்க்கைத்தான் பிரிக்கின்றன.

அப்படியானால் எல்லோரும் கட்டிக்கொள்ளலாமா? இங்கேதான் யூடியூப் வீடியோக்கள் கொஞ்சம் ஊதிவிடுகின்றன. வேகமானி மென்பொருளில் எண்கள் ராக்கெட்டாக ஏறும், உண்மைதான். அன்றாட வேலையில் அவ்வளவு தெரியாது. ஏனென்றால் விண்டோஸும் லினக்ஸும் காலியாகக் கிடக்கும் ராமைச் சும்மா விடுவதில்லை. ஒருமுறை படித்த பைலை அங்கேயே வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் பிரவுசரை மூடி இரண்டாம் முறை திறந்தால் சட்டென்று வருகிறது. பென் டிரைவிலிருந்து ஒரு சினிமாவை ராம் டிஸ்க்குக்கு நகலெடுத்தாலும் பென் டிரைவின் வேகம்தான் கிடைக்கும்.

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் 2 ஜிபி ராம்தான் இருந்தது. அப்படியொரு பழைய லேப்டாப் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் ராம் டிஸ்க் வேண்டவே வேண்டாம். ராமிலிருந்து ஒரு ஜிபியைப் பிடுங்கி வட்டாக்கினால், இடம் பத்தாத இயங்குதளம் ராமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும். கடன் வாங்கிக் கடன் கொடுத்த கதை. அதைவிட ஒரு எஸ்எஸ்டி மாற்றிக்கொள்வது மேல்.

16 ஜிபி, 32 ஜிபி வைத்திருந்து, பாதி எப்போதும் காலியாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமே இது விளையாட்டு. அவர்களும் எதை அங்கே வைக்கலாம்? பிரவுசரின் தற்காலிகக் குப்பைகள், ஜிப் பிரிக்கும் இடம், ஆயிரக்கணக்கான குட்டி பைல்களை எழுதி எழுதி அழிக்கும் நிரல் தொகுப்பு. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் பதிவேடுகளை ராமில் எழுதவைத்தால் எஸ்டி கார்டின் ஆயுளும் கூடும். வைக்கக் கூடாதது, போனால் அழுவீர்கள் என்று தெரிந்த எதுவும்.

ஒழுகலுக்கு ஒரு மருந்து உண்டு: குளிர். வானியல் கேமராக்களைத் திரவ நைட்ரஜன் போன்றவற்றால் குளிர்விப்பது, குழிகளில் வெப்பத்தால் வேண்டாத மின்னூட்டம் சேராமல் இருக்க. ராமுக்கும் இது பலிக்கும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியிலிருந்து பிடுங்கிய ராமைத் திரவ நைட்ரஜனில் போட்டுவைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அதிலிருந்தவை ஏறக்குறைய அப்படியே இருந்தன. கணினியிலுள்ள மறையாக்கச் சாவிகளைத் திருடுபவர்களுக்கு இது வழிகாட்டும் என்று அவர்கள் எச்சரித்தது வேறு கதை.

நம் வீட்டில் திரவ நைட்ரஜன் கிடையாது. அதனால் மெஷினை அணைத்ததும் ராம் டிஸ்க் காலி. லினக்ஸ் தரும் டிஎம்பிஎஃப்எஸ் என்ற ராம் டிஸ்க் ஏற்பாடு, வழக்கமான அமைப்பில், மொத்த ராமில் பாதிக்கு மேல் வளர்வதில்லை. பைல் வைத்த அளவுக்குத்தான் இடமும் பிடிக்கும். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, தற்காலிக பைல்களுக்கான கோப்புறையைத் தானாகவே ராமுக்கு மாற்றிவிட்டது. அதில் எதையாவது ஒளித்துவைக்கும் பழக்கம் இருந்தால், மெஷினை அணைப்பதற்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள்.