தொட்டியின் ஓட்டையும் அதனை அடைக்கும் முறையும்

குற்றாலப் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஐந்தருவி. மலையிலிருந்து இறங்கும் ஒரே நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து வீழ்தலின் இப்பெயர் பெற்றது. ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான சாரல் பருவத்தில் இங்கு நீருக்குக் குறைவில்லை. பங்குனி, சித்திரைத் திங்களிலோ அருவி நூலாய் இளைத்துவிடுகின்றது. ஆகவே, அருவிக்கரையில் வாழ்வோரும் நீரைச் சேமித்தே வாழ வேண்டியுள்ளது. தென்காசி, குற்றாலம் பகுதிகளில் வீடுகளிலும் விடுதிகளிலும் மாடிதோறும் பிளாஸ்டிக் தொட்டிகளைக் காண்கின்றோம். எந்த நிறுவனத்தார் செய்ததாயினும் 'சின்டெக்ஸ் தொட்டி' என்றே மக்கள் அதனை வழங்குகின்றனர். அத்தொட்டியில் ஓட்டை விழுந்தால் செப்பனிடுவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சொட்டின் கணக்கு

ஒரு சொட்டுத்தானே என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகின்றோம். ஏறக்குறைய 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். அதாவது 4 லிட்டருக்கு மேல். ஒரு திங்களில் ஏறத்தாழ 130 லிட்டர் வீணாகின்றது. குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் எனக் கொண்டால், கோடையில் எட்டுக் குடத்திற்கும் மேலான நீரை நாம் இழக்கின்றோம். ஒழுகும் நீர் தளத்தில் ஊறி, உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றுவது மற்றோர் இழப்பாகும்.

பசை ஏன் பிடிப்பதில்லை?

இத்தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்னும் பொருளால் ஆனவை. 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரெஜினால்டு கிப்சன், எரிக் ஃபாசெட் என்னும் இருவர் இப்பொருளைத் தற்செயலாகக் கண்டனர். 1935இல் மீண்டும் சோதனை செய்தபோது, கருவியின் மூட்டு ஒன்றில் கசிவு ஏற்பட்டது. அதனை ஈடுசெய்யப் புதிதாகச் செலுத்திய வாயுவில் கலந்திருந்த சிறிதளவு ஆக்சிஜனே வினையைத் தூண்டிப் பாலிஎத்திலீனைத் தந்தது. கசிவினால் கைவந்த பொருளின் கசிவை அடைப்பதே இன்று நம் வேலையாக இருப்பது வியப்பன்றோ!

பாலிஎத்திலீனின் மேற்பரப்பு மெழுகினைப் போன்றது. பிற பொருள்கள் அதன்மீது படிந்து பற்றுவதில்லை. அதனாலேயே, இரண்டைப் பிசைந்து அப்பும் எப்பாக்சிப் பசையும், நொடியில் ஒட்டும் பசையும் சில நாளில் உரிந்து விழுகின்றன. ஆனால் ஏறத்தாழ 125 பாகை செல்சியசில் இப்பொருள் உருகும். ஆறினால் மீண்டும் இறுகும். எனவே, அதனை அதன் இனத்தோடே உருக்கி இணைத்தலே உறுதியான வழி. இவ்வொன்றை மனத்திற்கொண்டால் பசைக்கும் கூலிக்கும் வீண்செலவு செய்ய நேராது.

செப்பனிடும் முறை

முதற்கண் ஒழுகும் இடத்தைச் சரியாக அறிதல் வேண்டும். ஓட்டை என நாம் எண்ணுவது பல நேரங்களில் குழாய் பொருத்திய இடத்தின் தளர்ச்சியாகவே இருக்கும். அங்கே ரப்பர் வாஷரை மாற்றி இறுக்கினாலே போதும்.

சிறிய வட்டமான ஓட்டையாயின், அதனை டிரில் கொண்டு ஒழுங்குபடுத்தித் துருப்பிடிக்காத போல்ட் ஒன்றைச் செருகலாம். இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து அளவாக முடுக்குதல் வேண்டும். மிகுதியாக முடுக்கினால் தொட்டியின் சுவர் பிளந்துவிடும்.

விரிசலாயின் தொட்டியை வெறுமையாக்கி, நன்கு உலர்த்துதல் வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின்னர் உப்புத்தாளால் தேய்த்து, விரிசலை நெடுகக் கத்தியால் சிறு வாய்க்கால்போல் அகழ்தல் வேண்டும். பழுதடைந்த வேறொரு பாலிஎத்திலீன் தொட்டியிலிருந்து மெல்லிய கீற்றுகளை அரிந்துகொண்டு, வெப்பக்காற்றுக் கருவியால் கீற்றையும் விரிசலின் விளிம்பையும் ஒருசேர இளக்கி அழுத்துதல் வேண்டும். இரண்டும் உருகினாலன்றி ஒன்றாகா. புகை எழுமாயின் சூடு மிகுந்தது என்று அறிக. வேலை முடிந்ததும் நீரூற்றிக் குளிர்விக்காது, தானே ஆறவிடுதல் நன்று.

ஒட்டு எப்புறம் அமைய வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது. ஒரு மீட்டர் ஆழ நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் 100 கிராம் எடை வைத்தாற்போல் அழுத்துகின்றது. வெளிப்புறத்து ஒட்டை இவ்வழுத்தம் தள்ளும்; உட்புறத்து ஒட்டையோ சுவரோடு சேர்த்து அணைக்கும். ஆதலின் வெளியிலிருந்து கை எட்டுமாயின் உட்புறம் ஒட்டுவதே சிறப்பு. முடிவில் தொட்டியைச் சிறிது சிறிதாக நிரப்பி, ஒரு நாள் கவனித்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சூடேற்றும் வேலையைச் செய்விப்பது உயிருக்கே கேடாகும். அடைபட்ட இடத்தில் புகை மூச்சை முட்டும். மண்ணெண்ணெய், டீசல், அமிலம் போன்றவை இருந்த தொட்டியின் அருகே நெருப்பையும் வெப்பக் கருவியையும் கொண்டுசெல்லலாகாது. அப்பணியைத் தேர்ந்தவரிடமே விடுதல் வேண்டும். குடிநீர்த் தொட்டியில் வண்ணமும் தாரும் பூசுதல் தகாது.

வெயிலில் பல்லாண்டு நின்று வெளிறி, தட்டினால் நொறுங்கும் தொட்டியை ஒட்டிப் பயனில்லை. ஓரிடத்தை அடைத்தால் மற்றோரிடம் பிளக்கும். அதனை மாற்றுவதே சிக்கனம்.

வருமுன் காத்தல் எளிது. தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமதளத்தில் அமர வேண்டும். அடியில் அகப்பட்ட ஒரு கூழாங்கல்லே நாளடைவில் ஓட்டையாகும். தொட்டியோடு இணைந்த குழாயின் எடையைத் தனித் தாங்கி கொண்டு தாங்குதல் வேண்டும். குற்றாலப் பகுதியில் குரங்குகள் மூடியைத் திறந்துவிடும் ஆதலின், மூடியைக் கட்டிவைத்தல் நன்று. திறந்த தொட்டி டெங்குக் கொசுவிற்கும் பிறப்பிடமாகும்.

ஐந்தருவியில் பாய்ந்த நீர் சிற்றாறாகிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, வழியெங்கும் வயல்களை வளர்க்கின்றது. அந்நீரில் நம் மாடிக்கு வந்த பங்கினை ஒரு சொட்டும் சிந்தாது காப்பது நம் கடனன்றோ! கல்லூரியிலும் விடுதியிலும் இல்லத்திலும் மாதம் ஒருமுறையேனும் தொட்டியைச் சுற்றிப் பார்த்து, ஈரம் கண்ட இடத்தை அன்றே செப்பனிடுவோமாக.