படத்துக்கு நிற்கும் திருநங்கை: ஒளியும் நிலையும் உரிமையும்

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை வளர்ந்த கதையைப் படங்களே சொல்லும். காதுகுத்து, நடன அரங்கேற்றம், சாமத்தியவீடு, பட்டமளிப்பு, கலியாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அல்பம் இருக்கும். சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்க வருபவர், எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுப்பார். மாமிமார் கொசுவத்தைச் சரிசெய்து விடுவார்கள். பெண்ணாகப் படத்தில் நிற்பதைப் பலர் சேர்ந்துதான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட திருநங்கைக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. 25 வயதிலோ 40 வயதிலோ, பூட்டிய அறைக்குள், கைத்தொலைபேசியோடு அவர் தனியாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. தம்மைத் திருநங்கை என்று சொல்லாமல், விருப்பத்துக்காக மட்டும் பெண்ணுடை அணியும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேறு, திருநங்கைகள் வேறு. ஆனால் கமராவுக்கு முன்னால் இருவரும் படும் பாடு ஒன்றுதான். முதற்படம் சரியாக வராவிட்டால், "எனக்கு இது பொருந்தாது" என்று மனமுடைந்து போகிறவர்கள் உண்டு. அந்தப் படம் ஏன் அப்படி வந்தது என்று தெரிந்தால் அந்த வேதனையில் பாதி குறையும்.

கைத்தொலைபேசி காட்டும் முகம்

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. காதும் தாடையோரமும் பின்னால் இருக்கின்றன. அருகிலிருப்பது பெருக்கும், தூரத்திலிருப்பது சிறுக்கும். 2018இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான கணக்கின்படி, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. மூக்கும் தாடையும் ஆண்மைத்தனமாக இருக்கின்றனவோ என்று ஏற்கெனவே கலங்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்!

பரிகாரம் எளிது. தொலைபேசியை ஒரு தாங்கியில் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, 5, 6 அடி தள்ளி நின்று, நேரக்கணிப்பானில் எடுங்கள். முகம் சிறிதாகத் தெரிந்தால் பின்னர் வெட்டிப் பெருப்பித்துக்கொள்ளலாம்.

ஒளியும் நிற்கும் விதமும்

உச்சியில் எரியும் விளக்கு புருவ எலும்பின் நிழலைக் கண்ணில் விழுத்தும், தாடிக் கருமையையும் எடுத்துக்காட்டும். யன்னலைப் பார்த்து, முகத்தைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி நின்றால் ஒளி மென்மையாக விழும். மொன்றியலில் டிசம்பர் மாதம் பிற்பகல் 4 மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடுவதால், வேலை முடிந்து வந்து எடுக்கலாம் என்று இருந்தால் ஒளி இராது. விடுமுறை நாள் முற்பகலே நல்லது.

சவரம் செய்த பின்னும் தெரியும் நீலச் சாயலை வெறும் பவுண்டேஷன் மறைக்காது, சாம்பல் நிறமாகவே காட்டும். எமது தோல் நிறத்துக்கு முதலில் செம்மஞ்சள் நிறத் திருத்தி, அதன்மேல் பவுண்டேஷன் என்பதே முறை. முகத்தை வெளுப்பாக்கும் எமது பழைய பழக்கம் இங்கே கைகொடுக்காது. கழுத்தின் நிறத்தோடு முகம் ஒத்துப்போக வேண்டும்.

தோள் அகலமாகத் தெரிவதுதான் பலரது கவலை. கமராவுக்கு நேரே நிற்காமல் உடலைப் பாதி திருப்பி, பாரத்தைப் பின்காலில் போட்டு நின்றால் தோள் ஒடுங்கும், இடுப்பு வளையும். கையை உடம்போடு ஒட்டாமல் சிறிது விலக்குங்கள். புறங்கையைக் காட்டாமல் கையின் ஓரத்தைக் காட்டினால் அது மெலிந்து தெரியும். நாடியைச் சற்று முன்னே நீட்டித் தாழ்த்துங்கள். சேலை இதற்கெல்லாம் பெரிய துணை. மடித்துக் குத்திய முந்தானை தோளின் அகலத்தை நடுவில் பிரிக்கும், முழங்கைவரை வரும் சட்டைக்கை மேற்கையை மறைக்கும்.

முன்பு நின்றவர்கள்

ஆண் பெண்ணாக நிற்பது எமக்குப் புதினமல்ல. நாட்டுக்கூத்தில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினார்கள். சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பனியில் சீதை வேடம் கட்டியவர். ரி. கே. சண்முகம் பெயருக்கு முன்னால் 'ஔவை' வந்ததே, அவர் ஔவையாராக நடித்த புகழால்தான். அதற்கெல்லாம் கைதட்டிய சமூகம், வேடம் கலைந்த பின்னும் பெண்ணாகவே இருக்கும் ஒருவரைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நடித்தவருக்கு அது தொழில், திருநங்கைக்கு அதுவே வாழ்வு.

1960களில் நியூ யோர்க் மாநிலத்துக் கற்ஸ்கில் மலையில் 'காசா சூசானா' என்ற விடுதி இருந்தது. பெண்ணாக உடுத்து வாழ விரும்பியவர்கள் வாரவிடுமுறையில் அங்கே கூடி, சாதாரண குடும்பப் பெண்களைப் போல முத்துமாலை அணிந்தும், மேசையைச் சுற்றியிருந்து விளையாடியும் படம் எடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் படங்கள் பழம்பொருட் சந்தையில் அகப்பட்டன. ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ கலைக்கூடம் 2015இல் அவற்றில் ஒரு பெருந்தொகுதியைப் பெற்று, பின்னர் காட்சிக்கும் வைத்தது. ஒளித்து எடுத்த படங்கள் இன்று வரலாற்று ஆவணங்கள்.

படம் யாருக்குச் சொந்தம்?

எமது சமூகத்தில் ஒரு படம் மொன்றியலிலிருந்து வட்ஸ்அப் வழியாக யாழ்ப்பாணம் போய், பாரிஸ், லண்டன் சுற்றித் திரும்ப அரை மணி நேரம் போதும். ஆகவே எடுப்பதைவிட வைத்திருப்பதிலும் பகிர்வதிலும் கவனம் கூட வேண்டும். குடும்பத்தோடு பகிரும் கணக்கில் படங்கள் தானாகச் சேமிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். எடுத்த இடத்தைப் பதியும் வசதியை நிறுத்துங்கள். பின்னணியில் வீட்டு இலக்கம், கடிதம், குடும்பப் படம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

கியூபெக்கில் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 1988இல் மொன்றியல் சென் கத்தரின் வீதியில் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒரு சஞ்சிகை அவரிடம் கேளாமல் வெளியிட்டது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போய், ஒருவரின் உருவப்படம் அவரது தனிவாழ்வு உரிமையில் அடங்கும் என்று 1998இல் தீர்ப்பாகியது. நட்டஈடு 2,000 டொலர்தான். ஆனால் அந்த உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. 2016இலிருந்து கியூபெக் மனித உரிமைச் சாசனம், பாலின அடையாளத்தையோ அதன் வெளிப்பாட்டையோ காரணங்காட்டிப் பாகுபாடு செய்வதையும் தடுக்கிறது.

அடையாள அட்டையில் படமும் பால்குறியும் முரண்படுவது இன்னொரு துன்பம். 2015 ஒக்டோபரிலிருந்து கியூபெக்கில் சத்திரசிகிச்சை இன்றியே பால்குறியை மாற்றலாம். கனடியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2021 ஜனவரியில் மேல் நீதிமன்றம் செல்லாதென்றது. அகதியாக வந்து, குடியுரிமைக்குக் காத்திருப்போருக்கு இது முக்கியமான செய்தி.

பெற்றோருக்கு

எட்மன்ரனில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த கலைஞர் விவேக் ஷ்ராயா, தன் தாயின் பழைய படங்களில் தாய் நின்ற அதே நிலைகளில் தானும் நின்று, 2016இல் 'திரிஷா' என்ற படத்தொடரை வெளியிட்டார். மகள் ஒருத்தி பெண்ணாக நிற்க முதலில் பார்த்துப் பழகுவது தாயைத்தான்.

உங்கள் பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு படத்தைக் காட்டக்கூடும். அந்த நேரத்தில் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். உங்களுக்கே இன்னும் முழுதாக விளங்காமலும் இருக்கலாம். "முந்தானை கொஞ்சம் இறங்கியிருக்கு, அடுத்த முறை நான் உடுத்திவிடுறன்" என்று சொன்னால், அதுவே அந்தப் பிள்ளைக்கு ஆயுளுக்கும் போதும்.