பெண்களின் மாறுதற் காலம்



ஒரு பெண்பிள்ளை பருவமெய்தினால் அச்செய்தியை ஊரறியச் செய்வது நம்மவர் வழக்கம். தண்ணீர் வார்ப்பதும், உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடலைப் பேணுவதும், உற்றார் கூடி வாழ்த்துவதும் இன்றும் பல இல்லங்களில் நிகழ்கின்றன. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே பெண்ணிடமிருந்து மாதவிடாய் விடைபெறத் தொடங்கும்போதோ, அதைப்பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. தாய் மகளுக்குச் சொல்வதில்லை. தமக்கை தங்கைக்குச் சொல்வதில்லை. ஆதலால் பெண்கள் பலர் தம் உடலில் தோன்றும் மாறுதல்களைக் கண்டு, ஏதோ கொடிய நோய் வந்துற்றதென அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, உண்மையாகவே நோய் வந்தவிடத்தும், "இந்த வயதில் இப்படித்தான்" என்று வாளாவிருந்து விடுகின்றனர். இவ்விரண்டும் தீங்கு பயப்பன. அஞ்ச வேண்டாதது எது, அசட்டை செய்யக்கூடாதது எது என வேறுபடுத்தி அறிய உதவுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மாதவிடாய் நிற்றல் ஒரேநாளில் நிகழ்ந்து முடிகின்ற செயலன்று. ஒரு மாதவிடாயின் பின் தொடர்ந்து 12 மாதங்கள் அது வராதிருந்தால், மாதவிடாய் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்வர். ஆகவே, எது கடைசி மாதவிடாய் என்பது அது வந்த நாளில் எவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தே சொல்ல முடியும். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழும். அதற்கு முன்னரே தொடங்கி, மாதவிடாய் நின்று ஓராண்டு நிரம்பும் வரையும் உள்ள தடுமாற்றமான பருவத்தையே மாறுதற் காலம் என்கிறோம். சராசரியாக இது 4 ஆண்டுகள் நீடிக்கலாம். சிலருக்கு ஒரு சில மாதங்களிலேயே கழிந்துவிடும். வேறு சிலருக்கு 8 ஆண்டுகளும் செல்லும்.

இந்தத் தடுமாற்றம் ஏன் உண்டாகின்றது? பெண்குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சூலகங்களிலும் 10 இலட்சம் முதல் 20 இலட்சம் வரையான சூல்கள் அடங்கியுள்ளன. பருவமெய்தும் வேளையில் அவை 3 அல்லது 4 இலட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை 400 அல்லது 500 மாத்திரமே. ஏனையவை தாமே அழிந்தொழிகின்றன. இருப்புக் குறைந்துபோகும் நாற்பதுகளில், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, சூலகத்தை மேலும் மேலும் தூண்டுகின்றது. அத்தூண்டலுக்குச் சூலகம் ஒரு மாதம் அளவுக்கு மிஞ்சி இசையும், மறுமாதம் இசையாதிருக்கும். இக்காலத்தில் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் ஒரே சீராகக் குறைந்து செல்வதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது ஏறியும் இறங்கியும் அலைகின்றது. சில நாட்களில் இளம்பெண்ணுக்குள்ள அளவிலும் மிகுந்து நிற்பதுண்டு. சூல் வெளிப்படாத மாதங்களில் புரொஜெஸ்தரோன் என்னும் மற்றைய ஓமோன் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் கருப்பையின் உட்சவ்வு ஒழுங்காக உதிராது தடித்துக்கொண்டே சென்று, காலந்தாழ்த்திப் பெரும்போக்காக வெளிப்படுகின்றது. சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன் காற்று நிலைகொள்ளாது திசைமாறி வீசுவதைக் கடற்றொழிலாளர் அறிவர். இப்பருவமும் அத்தகையதே.

"இரத்தத்தைப் பரிசோதித்தால் உறுதியாகத் தெரியாதோ?" என்று கேட்போர் உண்டு. இன்று எடுத்த ஓமோன் அளவு அடுத்த மாதத்திலே முற்றிலும் மாறியிருக்கக் கூடுமாதலால், அப்பரிசோதனையால் பெரும்பயன் இல்லை. 45 வயதைக் கடந்த, வேறு நோயற்ற பெண்ணுக்கு மாதவிடாய் மாற்றமும் ஏனைய அறிகுறிகளுமே போதிய சான்று என்று 2015ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான மருத்துவ வழிகாட்டி நெறிகள் கூறின. ஆயின் 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நிற்குமாயின், அஃது இயல்பானதன்று. அதன் காரணத்தை வைத்தியர் ஆராய்ந்தே ஆகவேண்டும்.

இரத்தப் பரிசோதனை தெரிவிக்காததை ஒரு சிறிய கொப்பி தெரிவிக்கும். மாதவிடாய் வந்த நாள், நின்ற நாள், போக்கின் அளவு, உறக்கம், உடற்சூடு, மனநிலை ஆகியவற்றை அதிலே நாள்தோறும் இரண்டொரு சொல்லில் குறித்து வருக. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் இப்பருவத்தின் படிகளை வகுத்தனர். பத்தாண்டுகளின் பின்னர் அவை திருத்தியமைக்கப்பட்டன. அடுத்தடுத்து வரும் மாதவிடாய்ச் சுற்றுகளின் நீளம் 7 நாட்களோ அதற்கு மேலோ வேறுபட்டு, அவ்வேறுபாடு மீண்டும் மீண்டும் காணப்படுமாயின், மாறுதற் காலம் தொடங்கியதென்று கொள்ளலாம். மாதவிடாய் 60 நாட்களோ அதற்கு மேலோ வராதிருக்கத் தொடங்கினால், அதன் பிற்பகுதி வந்துவிட்டது. கடைசி மாதவிடாய்க்குப் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகளே எஞ்சியுள்ளன. கணக்கு எழுதப் பழகிய எந்தப் பெண்ணும் இதனைத் தன் கொப்பியிலிருந்தே அறிந்துகொள்ளலாம். வைத்தியரிடம் செல்லும்போது, "எப்போதும் சுகமில்லை" என்று பொதுப்படச் சொல்வதிலும் அந்தக் கொப்பியை நீட்டுவது பன்மடங்கு பயன் தரும்.

இனி, அறிகுறிகளைப் பார்ப்போம். முதன்மையானது வெப்ப அலை. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் திடீரெனச் சூடு பரவும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், சில நிமிடங்களில் தணிந்து, சிலவேளை குளிரும் உண்டாகும். நமது நாட்டிலே இதனை வெயிலின் கொடுமை என்று எண்ணிவிடுவது எளிது. அருகிலிருப்போர் வியர்க்காதிருக்கத் தான் மாத்திரம் நனைந்துபோகும் பெண், வெயிலைக் குறைகூற வேண்டியதில்லை. மூளையில் உடற்சூட்டைக் காக்கும் பகுதி, ஈஸ்திரஜனின் மாறுதலால் சிறிய சூட்டையும் பெருஞ்சூடாகக் கொண்டுவிடுவதே காரணம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் நடைபெற்ற பேராய்வொன்றில், அடிக்கடி வெப்ப அலை கண்ட பெண்களுள் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தமை தெரியவந்தது. ஆதலால், "நாளை போய்விடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதிலும், அதனோடு வாழும் வழிகளைத் தேடுவதே அறிவுடைமை. பருத்தி உடை, படுக்கையருகே தண்ணீர், சாளரத்தருகே படுத்தல் ஆகியன உதவும். கொதிக்கும் தேநீர், மிகுந்த உறைப்பு, மதுபானம் ஆகியவற்றுள் எது தமக்குச் சூட்டைத் தூண்டுகிறதென்று கொப்பியைப் பார்த்துக் கண்டுகொண்டு, அதனை மாத்திரம் குறைத்தாற் போதும். எல்லாவற்றையும் விலக்கிப் பத்தியம் காக்க வேண்டுவதில்லை.

வெப்ப அலை இரவில் வந்தால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் மறதியும், சினமும், காரணமற்ற கண்ணீரும் தொடரும். அடுப்படிக்குச் சென்று எதற்காக வந்தோம் என்று நின்று யோசிக்கும் பெண், தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என அஞ்சுவாள். பெரும்பாலும் இந்த மறதி நிலையானதன்று. ஆயினும் மனச்சோர்வு நோய் இப்பருவத்தில் மிகுதியாகத் தலைகாட்டுகின்றது என்பதும் உண்மையே. முன்னர் அந்நோய் கண்டவர்களுக்கு அது மீண்டும் வருதல் எளிது. எதிலும் விருப்பின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் கிடப்பதும், உயிர்வாழ வேண்டாமென்ற எண்ணம் எழுவதும் வயதின் இயல்புகள் ஆகா. அவை சிகிச்சை பெறவேண்டிய நோயின் அறிகுறிகள். எண்ணப் போக்கையும் உறக்கப் பழக்கத்தையும் சீர்செய்யும் உளவளச் சிகிச்சை, மனச்சோர்வுக்கு மாத்திரமன்றி வெப்ப அலையின் துன்பத்தைத் தாங்குவதற்கும் துணைசெய்வது ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை.

அசட்டை செய்யக்கூடாதவற்றை இங்கே திட்டமாகச் சொல்லுதல் வேண்டும். மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கழிந்த பின்னர் ஒரு துளி இரத்தம் கண்டாலும் வைத்தியரிடம் செல்க. இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, உடலுறவின் பின்னரோ இரத்தம் கண்டாலும் செல்க. மணிக்கொரு சுகாதாரத் துவாய் நனையுமளவு போக்கு இருந்தால் நாளை என்று தள்ளிப்போடாது உடனே செல்க. பெரும்பாலும் இவற்றின் காரணம் எளிதில் தீர்க்கத்தக்கதாகவே இருக்கும். ஆயினும் கருப்பைப் புற்றுநோய் தன் வருகையை அறிவிப்பதும் இவ்வழியிலேயே. தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தக்கூடிய நோயை, வெட்கத்தால் முற்றவிடுதல் பேதைமை. அன்றியும், ஓயாத களைப்புக்கு இரத்தச் சோகையும், படபடப்புக்குத் தைரொயிட் சுரப்பியின் கோளாறும் காரணமாதல் கூடும். எல்லாவற்றையும் வயதின் தலையிலே சுமத்தலாகாது.

சிகிச்சை உண்டா என்றால், உண்டு. வெப்ப அலைக்கு மிகச் சிறந்த மருந்து ஈஸ்திரஜனே. கருப்பை உள்ளவர்கள் அதனோடு புரொஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்தே கொள்ளவேண்டும். இல்லையேல் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடமுண்டாகும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் இக்கூட்டு மருந்தைப் பற்றிய பேராய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டது. மருந்து உட்கொண்டவர்களுள் ஆண்டொன்றுக்கு 10,000 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் மேலதிகமாகக் காணப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் அச்சத்தைப் பரப்பிற்று; பலர் மருந்தைக் கைவிட்டனர். ஆனால் அவ்வாய்வில் பங்குகொண்ட பெண்களின் சராசரி வயது 63 ஆகும். பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது, 60 வயதுக்கு உட்பட்டவர்களோ மாதவிடாய் நின்று 10 ஆண்டு கடவாதவர்களோ தொல்லை மிகுந்தவிடத்து இம்மருந்தைப் பாவித்தால், பெரும்பாலும் தீமையிலும் நன்மையே மிகுதி என்று தெளிந்தனர். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கும், இரத்தக்கட்டி நோய் உள்ளவர்களுக்கும், காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஏற்றதன்று. அத்தகையோருக்கு ஓமோன் சேராத வேறு மருந்துகள் உள்ளன. பிறப்புறுப்பின் உலர்ச்சிக்கு அவ்விடத்திலேயே பூசும் களிம்புகள் உண்டு. ஒருத்திக்கு உதவிய மருந்தை அயலவள் கேட்டு வாங்கி உண்ணுதல் தகாது. அவரவர் நோய் வரலாற்றை அறிந்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

மாதவிடாய் தப்பித் தப்பி வருவதால் இனிக் கருத்தரிக்காது என்று நம்பி ஏமாந்தோர் பலர். சூல் எம்மாதத்திலும் வெளிப்படலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர் கடைசி மாதவிடாயின் பின் ஓராண்டும், அதற்குக் குறைந்த வயதினர் இரண்டாண்டும் கருத்தடை முறையைத் தொடர்தல் நன்று. மேலும், இப்பருவத்தைச் சூழ்ந்த சில ஆண்டுகளில் எலும்பு விரைவாகத் தேய்கின்றது. முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, பால் ஆகியன எலும்புக்கு வேண்டிய கல்சியத்தை உதவும். நாள்தோறும் விரைந்து நடப்பதும், சுமை தூக்கித் தசையை உழைக்கச் செய்வதும் எலும்பை உறுதியாக்கும்.

இலங்கையிலே 35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996ஆம் ஆண்டிலிருந்து அமைக்கப்பட்டு வருகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே கட்டணமின்றிப் பரிசோதிப்பர். மாதவிடாய் பற்றிய ஐயங்களையும் கூச்சமின்றிக் கேட்கலாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ நாளையும் இடத்தையும் விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். நோய் வந்தபின் செல்லும் இடமாக அதனைக் கருதாது, சுகமாக இருக்கும்போதே ஒருமுறை சென்றுவாருங்கள்.

முடிவாக, இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆடவர்களுக்கும் ஒரு சொல். பின்ளைகளின் பரீட்சையும், முதிய பெற்றோரின் நோயும், வீட்டுக் கடமைகளும் ஒருங்கே தோளில் ஏறும் காலத்திலேதான் உங்கள் மனைவிக்கு இம்மாறுதலும் வந்து சேர்கின்றது. அவர் இரவில் எழுந்து உலாவினால் காரணம் கேளுங்கள். சினந்து பேசினால் அதனைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். வைத்தியரிடம் போகத் தயங்கினால் உடன் செல்லுங்கள். தாய்மாரே, உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் பெண்மக்களிடம் மறைக்காது சொல்லுங்கள். எந்த வயதில் தொடங்கிற்று, எப்படி இருந்தது, எவ்வளவு காலம் சென்றது என்பவற்றை அறிந்த மகள், தன் முறை வரும்போது இருட்டிலே தடவ மாட்டாள். கடைசி மாதவிடாய் எதுவென்று முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. எவற்றைப் பொறுத்திருக்கலாம், எவற்றைப் பொறுத்திருக்கலாகாது என்று அறிதல் எல்லோராலும் இயலும். அந்த அறிவோடு இப்பருவத்தைக் கடப்போமாக.