ஃபார்மேட் அடிக்கக் கொடுக்கும் முன்

தறிப்பட்டறைக் கணக்கு, ஜிஎஸ்டி பில், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று பள்ளிபாளையத்தில் இன்று எல்லாமே மடிக்கணினிக்குள்தான் இருக்கிறது. அது ஒருநாள் நீலத் திரை காட்டி நின்றுவிட்டால், ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். “இதுல டிவிடி டிரைவே இல்லைங்க. ஃபார்மேட் அடிச்சுத்தான் தரணும்” என்கிறார் கடைக்காரர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. சாயங்காலம் மடிக்கணினி வந்துவிடும். டேலி கணக்கு வராது. இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

டிவிடி இல்லாதது ஒரு குறையே இல்லை. விண்டோஸை மீட்கும் வழி மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. திரையில் லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் நீலத் திரை தானாக வரும். ஓரளவு வேலை செய்கிற கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாலே போதும். அதில் ட்ரபிள்ஷூட், பிறகு ரீசெட் திஸ் பிசி. அங்கே ‘கீப் மை ஃபைல்ஸ்’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று இரண்டு தேர்வுகள் வரும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் எல்லாம் போச்சு. முதலாவதைத் தேர்ந்தெடுத்தாலும் நாமாக ஏற்றிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். டேலி கணக்கோ பெரும்பாலும் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்ற இடத்தில் இருக்கும். ஆகவே எதைத் தொடும் முன்பும் கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் திறக்கவே இல்லையே, எப்படி எடுப்பது? அதே நீலத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் இருக்கிறது. அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் உங்கள் கோப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டிக்கொள்ளலாம். டிரைவ் எழுத்துகள் அங்கே மாறியிருக்கலாம்; பயப்பட வேண்டாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் படுத்துவிட்டால் அதைத் திறந்தே கோப்புகளை எடுத்திருக்கலாம். கையில் கொடுத்தவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் மிஞ்சியிருக்கும்!

ரீசெட்டும் கைகொடுக்கவில்லை என்றால் 8 ஜிபி பென்டிரைவ் போதும். நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்குங்கள். யூடியூபுக்குக் கீழே கிடக்கிற லிங்க், டெலிகிராமில் வருகிற ஃபைல் எதுவும் வேண்டாம். அந்த பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பிறகு பென்டிரைவைச் செருகி கணினியை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்.

இங்கே ஓர் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பின் வந்தவையும் உள்ள பல மடிக்கணினிகளில், இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே இல்லை என்று திரை காட்டும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து பென்டிரைவில் போட்டு ‘லோடு டிரைவர்’ கொடுத்தால் உடனே தெரியும். இதை “எஸ்எஸ்டி போயிடுச்சுங்க” என்று சொல்லிப் புதிதாக ஒன்றை விற்கும் கடைகள் உண்டு. எஸ்எஸ்டி மாற்றச் சொன்னால் பழையதைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

இன்னொன்று பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே டிஸ்க் பூட்டப்பட்டுவிடலாம். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பகுதியில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். சாவி இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும், மைக்ரோசாஃப்டாலும்கூட கோப்புகளை மீட்க முடியாது.

விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினி என்றால் அதற்குக் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அதன் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அதை அழித்துவிட்டு கிராக் போட்ட புரோவை ஏற்றிக் காசு வாங்குவதுதான் அநியாயம். உங்களுடையது எது என்று பார்க்க செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போங்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருந்தால் நல்லது. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயங்குகிறது என்று வீட்டுக் கணினியில் இருந்தால் அது பெரும்பாலும் கிராக்தான். கிராக் போடுகிறவர்கள் வைரஸ் தடுப்பையும் அணைத்துவிடுவார்கள். அதே கணினியில்தான் நீங்கள் நெட் பேங்கிங் செய்கிறீர்கள்.

கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். மாடல், சீரியல் எண், ‘கோப்புகளை அழிக்கக் கூடாது’, என்ன விண்டோஸ் போடப்போகிறார்கள் என்பதெல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கணக்கு தொலைந்தால் நட்டம் உங்களுக்குத்தான். ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். கடைக்காரர் அழித்துவிட்டார் என்ற பதில் அங்கே எடுபடாது.

தகராறு என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை ஈரோட்டில், அது வேறு மாவட்டம் என்று தயங்க வேண்டாம். புகார்தாரர் வசிக்கிற அல்லது வேலை செய்கிற ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டத்தின் 34ஆவது பிரிவு இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. ரசீது, பில், பணம் அனுப்பிய யூபிஐ பதிவு, ஆக்டிவேஷன் திரையின் படம், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றின் நகல்களை மனுவோடு சேருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.