ரெட்டைக் கர்ப்பமா? “நஞ்சு ஒண்ணா, ரெண்டா?” என்று கேளுங்கள்!

பட்டுக்கோட்டை—

“ரெட்டைப் பழத்தைத் தின்னாதே ஆத்தா, ரெட்டைப் புள்ளை பொறந்துடும்!”

ஒட்டிக்கொண்ட வாழைப்பழத்தைப் புதுப்பெண் கையில் பார்த்தால் பாட்டிமார் பதறிவிடுவார்கள். ஆனால் பழத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை!

உருவான ஒரே கரு, சில நாட்களில் இரண்டாகப் பிரிந்தால் அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர். பொதுவாகப் பரம்பரையும் இதற்குக் காரணம் அல்ல. எந்த நாடானாலும் 1,000 பிரசவத்துக்கு 3 அல்லது 4 இப்படி அமைகிறது.

இரட்டிப்பு பாரம்

வயிற்றில் ரெண்டு உசுரு என்றால் தாய்க்கு எல்லாமே கூடுதல்தான். மசக்கை கடுமையாக இருக்கும். ஐந்தாம் மாதத்திலேயே ஏழு மாத வயிறு தெரியும். மூச்சு வாங்கும், முதுகு வலிக்கும், புரண்டு படுக்க முடியாது. ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்பு அதிகம். குறைமாதப் பிரசவமும் சகஜம்.

ஒரே மதகு, இரண்டு வயல்

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகளுக்கு நஞ்சுக்கொடி ஒன்றே ஒன்றுதான். அதில் இரு பிள்ளைகளின் ரத்தக் குழாய்களும் பின்னிக்கிடக்கும்.

கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு மதகுத் தண்ணீர் ஒரு வயலுக்கே பாய்ந்தால், ஒன்று மூழ்கும், மற்றது காயும். அதே கதைதான்! ஒரு பிள்ளைக்கு ரத்தம் மிஞ்சும், பனிக்குட நீர் பெருகும். மற்றதற்கு இரண்டுமே வற்றும். ஒரே நஞ்சு உள்ளவர்களில் 100க்கு 10 முதல் 15 பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது. முற்றவிட்டால் பெரும்பாலும் இரண்டு பிள்ளையுமே தங்காது.

காலத்தில் கண்டுபிடித்தால் வழி உண்டு. பின்னிய குழாய்களை லேசர் மூலம் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. பெருநகரங்களில் உள்ள கரு மருத்துவ நிபுணர்கள் செய்கிறார்கள். இதனால் ஒரு பிள்ளையாவது பிழைத்த தாய்மார்களே அதிகம்.

எப்போது ஸ்கேன்?

நஞ்சு எத்தனை என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். “அப்புறம் பாத்துக்கலாம்” என்று விட்டால் சொல்வது கடினம். ஒரே நஞ்சு என்றால் 16ஆவது வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் அவசியம்.

நடுவில் வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ, அசைவு குறைந்தாலோ நாள் பார்க்கக் கூடாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் பிரசவப் பிரிவு இருக்கும் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி, பட்டுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வலி கண்ட பிறகு வண்டி தேடாமல், எங்கே பிரசவம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி முடிவு செய்துவிட வேண்டும். அவசரத்துக்கு 108 இருக்கிறது.

ஸ்கேன் அறையில் “ஆணா, பெண்ணா?” என்று கேட்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்க வேண்டிய கேள்வி, “நஞ்சு ஒண்ணா, ரெண்டா?” பதிலை ரிப்போர்ட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்!