இரண்டு ஈஸ்டர் வரும் தேசம்

ஒரு தேசத்தாரின் மனப்போக்கை அறிய அவர்களுடைய சட்டப் புஸ்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. சர்க்கார் வெளியிடும் விடுமுறை ஜாபிதாவைப் பார்த்தாலே போதும். யாருடைய பண்டிகைக்குக் கச்சேரியும் பள்ளிக்கூடமும் மூடப்படுகின்றனவோ அவர்களையே அத்தேசம் தன் வீட்டாராகக் கருதுகிறது. இந்த நோக்கோடு அல்பேனியாவின் ஜாபிதாவை நேயர்கள் முன் வைக்கிறோம்.

அல்பேனியா, கிரீஸுக்கு வடக்கே, இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள சிறிய மலைநாடு. 2023-ஆம் வருஷக் கணக்கின்படி அதன் ஜனத்தொகை சுமார் 24 லட்சம். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 46 பேர் முஸ்லிம்கள். 8 பேர் கத்தோலிக்கர். 7 பேர் ஆர்த்தடாக்ஸ் என்னும் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். 5 பேர் பெக்டாஷி என்னும் ஸூபி மார்க்கத்தார். மற்றவர்களில் எந்த மதத்தையும் சேராமல் கடவுளை நம்புவோரும், நம்பாதோரும், கேள்விக்குப் பதில் சொல்லாதோரும் உண்டு.

இனி விடுமுறைகளைப் பார்ப்போம். மார்ச் 14-ஆம் தேதி 'கோடை நாள்'. கிறிஸ்தவமும் இஸ்லாமும் வருவதற்கு முன்பே இருந்துவந்த வழக்கம் என்பார்கள். எல்பசான் நகரத்தில் அன்று சோள மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் 'பலோகூமே' என்ற பணியாரம் இல்லாத வீடு அரிது. மார்ச் 22-ஆம் தேதி நவ்ருஸ். பெக்டாஷிகள் அன்று அலியின் ஜன்ம தினத்தைக் கொண்டாடுகிறார்கள். துருக்கியில் 1925-இல் ஸூபி மடங்கள் மூடப்பட்ட பிறகு அம்மார்க்கத்தின் தலைமைப்பீடம் அல்பேனியாவுக்கு வந்து சேர்ந்தது. நூற்றுக்கு ஐவர் கொண்டாடும் விழாவுக்குத் தேசம் முழுவதும் விடுமுறை!

அடுத்து ஈஸ்டர். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் அதை வெவ்வேறு பஞ்சாங்கப்படி கணிப்பதால், 2024-இல் ஒன்று மார்ச் 31-ஆம் தேதியிலும் மற்றொன்று மே 5-ஆம் தேதியிலும் வந்தன. 2025-இலோ இரண்டும் ஏப்ரல் 20-ஆம் தேதியில் ஒன்றுகூடின. எது சரியான நாள் என்று சர்க்கார் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. இரண்டையும் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் மறுநாள் திங்கட்கிழமை ரஜா. கிறிஸ்துமஸை மட்டும் இரு சபையாரும் டிசம்பர் 25-லேயே கொண்டாடுகிறார்கள். ரம்ஜானும் பக்ரீத்தும் பிறைக்கணக்கைப் பின்பற்றி வருஷந்தோறும் நாள் மாறி வருகின்றன.

செப்டம்பர் 5-ஆம் தேதி நமக்கும் உறவுள்ள நாள். கல்கத்தாவில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்து, 1997-இல் அதே தேதியில் மறைந்த அன்னை தெரஸா, ஸ்கோப்யே நகரத்தில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் 1910-இல் பிறந்தவர். அக்கத்தோலிக்கக் கன்னிகையின் நினைவுநாளை, முஸ்லிம்கள் மிகுந்த தேசம் விடுமுறையாக அனுசரிக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'கொடுத்துவைத்த ஜனங்கள்' என்று நேயர்கள் நினைக்கக்கூடும். உண்மை வேறு. 1967-இல் என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சி, மசூதிகளையும் மாதாகோயில்களையும் பெக்டாஷி மடங்களையும் ஒருங்கே மூடியது. எந்த மதத்தையும் ராஜ்யம் அங்கீகரிப்பதில்லை என்று 1976-ஆம் வருஷ அரசியல் சட்டத்தில் எழுதியே வைத்தது. கைதிகள் முகாம் ஒன்றில் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வித்த குற்றத்துக்காக ஷ்டியெஃபென் குர்த்தி என்ற பாதிரியார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உபாத்தியாயத் தொழிலில் உள்ள நம்மை வேறொரு செய்தி இதைவிடவும் உறுத்துகிறது. ரம்ஜான் நோன்பிலும், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாலும் வெண்ணெயும் போன்ற விலக்கப்பட்ட உணவுகளை வழங்குவார்களாம். எந்தக் குழந்தை வாய் வைக்க மறுக்கிறதோ அதன் வீட்டில் நோன்பு நடக்கிறது என்று கண்டுகொள்வார்கள்! கல்வி புகட்ட வேண்டிய இடம் குழந்தையின் வாயைக் கொண்டே அதன் தாய் தகப்பனைக் காட்டிக்கொடுக்கும் இடமாயிற்று. இதைவிடப் பெரிய பாதகம் பள்ளிக்கூடத்துக்கு வேறு என்ன நேரக்கூடும்?

1990-இல் கட்டு தளர்ந்தது. நவம்பர் 4-ஆம் தேதி ஷ்கோட்ரா நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில், சிறையிலிருந்து மீண்ட சைமன் யுபானி என்ற பாதிரியார் பகிரங்கமாகப் பூஜை நடத்தினார். அங்கே கூடிய ஆயிரக்கணக்கானவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அம்மாதம் 16-ஆம் தேதி அதே ஊரில் ஈய மசூதியில் தொழுகை நடந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இன்று அந்த நாளும் ஒரு விடுமுறைதான். இளைஞர் தினம் என்று பெயர்.

ஆகவே, அந்த ஜாபிதாவிலுள்ள மதப் பண்டிகைகளை அரசாங்கத்தின் தாராளத்துக்கு அடையாளமாக மட்டும் நாம் கொள்வதற்கில்லை. ஒரு காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைக்குக்கூடத் தெரியாமல், கொண்டாட வேண்டியிருந்த நாட்கள் அவை. இரண்டு ஈஸ்டருக்கும் இரண்டு பெருநாளுக்கும் ஒரு நவ்ருஸுக்கும் கச்சேரிகளை மூடுவதால் வேலை கெடுகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு. நோன்பிருக்கும் குழந்தை அச்சமின்றிப் பள்ளிக்கூடம் போய், 'இன்று எங்கள் வீட்டில் நோன்பு' என்று உரக்கச் சொல்ல முடிகிறதே, அதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?