வீட்டின் வடிவமும் விலையும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது முதுமொழி. தந்தையின் சேமிப்பும், அன்னையின் நகைகளும், வங்கிக் கடனும் சேர்ந்துதான் பல குடும்பங்களில் ஒரு வீடு எழும்புகிறது. ஆனால் ஒரே பரப்புள்ள இரு வீடுகளுக்கு வெவ்வேறு செலவு ஆவது ஏன்? விடை நாம் வகுப்பில் கற்ற சுற்றளவுக் கணக்கிலேயே இருக்கிறது.

900 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். 30 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள சதுர வீட்டிற்கு வெளிச்சுவர் 120 அடி. 45க்கு 20 என்றால் 130 அடி. 60க்கு 15 என்றால் 150 அடி! தரையும் கூரையும் மாறவில்லை. சுவர் மட்டும் கால் பங்கு கூடிவிட்டது. அதனுடன் அஸ்திவாரம், பூச்சு, வர்ணம் ஆகியவையும் கூடும். 40க்கு 30 அடியில் ஒரு மூலையில் 20க்கு 15 அடி விட்டு, 'ட' எழுத்தைப் போலக் கட்டினாலும் 140 அடி ஆகும்.

அதே 900 சதுர அடியை இரண்டு மாடியாக்கினால் அஸ்திவாரத்தின் நீளம் குறையும். கூரையும் மனையும் பாதி போதும். ஆனால் அஸ்திவாரம் வலுவாக வேண்டும். மாடிப்படியும் இடத்தை விழுங்கும். ஆகவே மனை விலை மிகுந்த நகரங்களுக்கே இது ஏற்றது.

சுவர் கட்டும் முறையிலும் சிக்கனம் உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையைப் பரப்பினார். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதே அது. ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். வெற்றிடம் வெயிலையும் தடுக்கும்.

எனினும் மலிவு ஒன்றே நோக்கமாகலாமா? சதுர வீட்டின் நடு அறை இருண்டுவிடலாம். ஒடுங்கிய வீட்டிலோ காற்று எளிதில் ஊடுருவும். அஸ்திவாரத்திலும் கம்பியிலும் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. சமையலறையையும் குளியலறையையும் அருகருகே அமைத்தால் குழாய்ச் செலவு குறையும், அதனால் கேடில்லை.

தோழியரே! வீடு பற்றிய பேச்சில் பெண்களைக் கேட்பது அரிது. அந்தச் சமையலறையில் நாள் முழுவதும் நிற்பவரோ நம் அன்னை. "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒரே சொல்லை நம்பி முன்பணம் கொடுக்குமுன், தாளும் பென்சிலும் எடுத்துப் பெற்றோருடன் அமர்வோம். தாளில் ஒரு கோட்டை அழிப்பது எளிது. எழுப்பிய சுவரை இடிப்பதோ பெருஞ்செலவு.